இதர வருமானம்

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு முறை எழுதியிருக்கிறேன், ஆபீஸ் கம்ப்யூட்டரில், வரிசை எண் இருபத்தேழில். அது போதும்.

அவளை நினைத்தால் முதலில் வருவது வலது கை ஆள்காட்டி விரல்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பிசிறு நூல் வெட்டும் சின்னக் கத்தரியைப் பிடித்துப் பிடித்து அந்த விரலின் ஓரம் காய்த்துப் போயிருந்தது. எங்கே தூசி படிந்திருந்தாலும் அந்த விரலால் ஒரு டி எழுத்துப் போடுவாள். மேலே குறுக்காக ஒரு கோடு, நடுவிலிருந்து கீழே ஒரு கோடு. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. கணக்குப் படிப்பவர்கள் எதையும் எழுதிப் பார்ப்பதற்கு முதலில் போடும் கோடு அது. டவுன் பஸ் கண்ணாடியில் போட்டுவிட்டு ஒன்றும் எழுதாமல் அதையே பார்த்துக்கொண்டு வருவாள். இறங்கும்போது உள்ளங்கையால் அழித்துவிடுவாள்.

இரண்டு பேரும் தபால் வழியில் பி.காம். படித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் போட்ட பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். டைலர்கள், அயர்ன் மாஸ்டர், மெர்ச்சண்டைசர் ஆக ஆசைப்பட்ட இரண்டு பையன்கள், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு வரும் ஒரு அக்கா, இப்படி முப்பது பேர் இருப்போம். நான் குண்டடத்துப் பக்கம் ஒரு ஊர். அப்பாவுக்கு மானாவாரி நிலம். திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பேரேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு. அவள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நான் அக்கா என்பேன். அவள் என்னைப் பிள்ள என்பாள்.

முதல் வகுப்பிலேயே சார் இரட்டைப் பதிவு முறையைத் தொடங்கினார். உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரியில் வேலை பார்ப்பவர், மெதுவாகப் பேசுவார்.

"ஒரு பக்கம் போச்சுன்னா இன்னொரு பக்கம் வந்தே ஆகணும். காத்துல கரைஞ்சு போற பணம்னு கணக்குல கிடையாது."

அவள் எழுந்து நின்றாள். "தொலைஞ்சு போனா, சார்?"

"நட்டக் கணக்குல எழுதுவோம்."

"அது தொலைச்சவுக எழுதுதது. இன்னொரு பக்கம் யாரு எழுதுவா?"

"கண்டெடுத்தவன் எழுதணும்மா, அவன் யோக்கியனா இருந்தா."

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சார் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். யோக்கியனா என்ற சொல்லின் கீழே கோடு போட்டதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு உலகத்தில் எல்லாமே இரண்டு பக்கம் ஆகிவிட்டது. கண்டக்டர் ஒரு ரூபாய் சில்லறை தரவில்லை என்றால் நமக்குக் கோபம் வரும். அவளுக்கு வராது. அந்த ரூபாய் கண்டக்டர் பைக்குப் போகிறதா, டிப்போவுக்குப் போகிறதா என்று யோசிப்பாள். அவள் தங்கியிருந்த லைன் வீட்டு அறையில் ஐந்து பெண்கள். குளியல் சோப்பு சீக்கிரம் கரைகிறது என்று ஒருத்தி மேல் ஒருத்தி சந்தேகப்பட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தது. இவள் மூன்று நாள் கவனித்துவிட்டு, சோப்பு டப்பாவில் தண்ணீர் வடிய ஓட்டை இல்லை என்று கண்டுபிடித்தாள். கத்தரி முனையைச் சூடாக்கி டப்பாவின் அடியில் நாலு ஓட்டை போட்டாள்.

"யாரும் எடுக்கல. சாக்கடைக்கு வரவு," என்று என்னிடம் சொன்னாள். அந்த வாரம் முழுக்க சந்தோஷமாக இருந்தாள்.

"ஏனுங்க அக்கா, எல்லாத்துக்குமா கணக்குப் பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும்தான் பிள்ள. ஒருத்தர்ட்ட இருந்து போனா இன்னொருத்தர்ட்ட வந்திருக்கும்லா? எங்கன்னு பாக்க வேண்டாமா?"

எதைத் தேடுகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தேய்மானம் நடத்திய அன்றுதான் தெரிந்தது. ஒரு மெஷினின் மதிப்பு வருஷா வருஷம் எப்படிக் குறைகிறது, கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டால் என்ன கிடைக்கும், அதுதான் ஸ்கிராப் வேல்யூ என்று சார் சொன்னார். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தன் எவர்சில்வர் தூக்குப்போசியை என் முன்னால் தூக்கிக் காட்டினாள்.

"இது என்னோட ஸ்கிராப் வேல்யூ, பிள்ள."

பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் அவள் ஸ்கீமில் இருந்திருக்கிறாள். மூன்று வருஷம் மில்லுக்குள்ளேயே தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரம் ஒரே தொகையாகத் தருவார்கள். தினக்கூலி கொஞ்சம்தான். பதினெட்டு வயதில் சேர்ந்தாள். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்தது. பிறகு மஞ்சள் காமாலை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தவளிடம், இடையில் நின்றுவிட்டதால் ஸ்கீம் முறிந்துவிட்டது, வேண்டுமானால் முதலிலிருந்து சேர்ந்துகொள் என்றார்கள். மூன்று வருஷத்துக்கு ஐம்பத்தொரு நாள் பாக்கி இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது வார்டன் அம்மா பாவப்பட்டு, பொங்கலுக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த ஒரு தூக்குப்போசியைக் கையில் கொடுத்திருக்கிறார்.

"அழுதீங்களா, அக்கா?"

"அழுகல. ஆனா பிள்ள, அம்பத்தோரு நாளுதான நான் வேலை செய்யல? அந்த நாளுக்கு வெட்டிக்கிடட்டும். மீதி நாளு செஞ்சேம்லா? அது எங்க போச்சு?" மூடியில் ஒட்டியிருந்த தயிரை அந்த விரலால் வழித்தாள். "எங்க அப்பாவும் அம்மையும் போனது போச்சுங்காக. போச்சுன்னா எப்படிப் போவும்? எங்கயோ வந்திருக்கும்லா?"

இப்படித்தான் அவள் பி.காம். சேர்ந்தது. வேலை உயர்வுக்கு, நல்ல இடத்தில் கல்யாணத்துக்கு என்று நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தோம். அவளுக்கு ஒரே ஒரு பதிவின் மறுபக்கம் தெரிய வேண்டியிருந்தது.

அவளுடைய கம்பெனிக்கு ஒரு முறை பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் வந்தார். அதைப் பற்றி அவள் சொன்னதும் மறக்கவில்லை. அந்த வாரம்தான் எங்களுக்கு மார்க்கெட்டிங் தொடங்கியிருந்தது. பொருள், விலை, இடம், விளம்பரம், ஆங்கிலத்தில் நான்கு பி என்று சார் சொல்லியிருந்தார். பையர் வரும் நாளில் செக்கிங் செக்‌ஷனுக்குப் புது ஃபேன் வந்தது. எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்தார்கள். காலியாகத் தொங்கிய முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வந்தது. வந்தவர் ஒரு பெண்மணி. பி.காம். படிக்கிற தொழிலாளி என்று மேனேஜர் பெருமையாக இவளை முன்னால் நிறுத்தினார்.

"சந்தோசமா வேலை செய்யறியான்னு மேடம் கேக்கறாங்கம்மா."

இவள் கையிலிருந்த பனியனைத் தூக்கி, அதில் தொங்கிய விலைச் சீட்டைக் காட்டினாள். "இது இவுக ஊர்ல விக்கிற வெலை. நம்ம கம்பெனிக்கு வாரது எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு வாரது எனக்குத் தெரியும். நடுவுல மிச்சம் யாருட்ட போவுதுன்னு மேடத்துட்ட கேட்டுச் சொல்லுங்க, சார்."

மேனேஜர் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை சொன்னார். ரொம்ப சந்தோஷமாம். அந்த அளவு ஆங்கிலம் அவளுக்குப் புரியும். பெண்மணி இவள் தோளைத் தட்டிக்கொடுத்து, சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

"நாலு பி இல்ல பிள்ள, அஞ்சு," என்றாள் பஸ்ஸில் வரும்போது. "பொய்யும் பி-லதான ஆரம்பிக்கி?"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தப் போட்டோ ஏதோ ஒரு ஊரில் ஒரு துணிக்கடைச் சுவரில் மாட்டியிருக்கும் என்று இப்போதும் சில சமயம் தோன்றும். முகக்கவசத்துக்கு மேலே அந்தக் கண்கள். அப்போது சிரிப்பு வருவதில்லை.

இரண்டாம் வருஷம் ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் எங்கள் ஆபீசுக்குப் பல்லடம் பக்கத்து நூல் மில் ஒன்றின் கணக்கர் வந்தார். நெற்றி நிறைய திருநீறு, குரலே எழும்பாத மனிதர். வரும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவருவார். அந்த மில் எங்கள் கட்சிக்காரர் என்பது எனக்கு முன்பே தெரியும். பல்லடம் பக்கம் மில்கள் பல. அவள் மில்லின் பெயரைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்காமலிருந்தது தற்செயல் என்று என்னால் சொல்ல முடியாது.

அவர் கொடுத்த தாளில் நாற்பத்துமூன்று பெயர்கள். ஸ்கீமில் சேர்ந்து இடையில் நின்ற பெண்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அப்பா பெயர், ஊர், ஒரு தொகை. எங்கள் சீனியர் அண்ணன் எனக்கு விளக்கினார்.

"மாசா மாசம் இவங்களுக்குக் கொடுக்க வேண்டியதுன்னு ஒரு தொகையை மில்லுல எழுதிக்கிட்டு வருவாங்க, கண்ணு. முப்பதாயிரத்தை முப்பத்தாறாப் பிரிச்சு. பாதியில நின்னுட்டா அதைக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தத் தலைப்புல இருந்து எடுத்து இதர வருமானத்துல போட்டரணும். வருசா வருசம் பண்றதுதான்."

நான் ஒவ்வொரு பெயராக அடித்தேன். இருபத்தேழாவது பெயர் அவளுடையது. ஊர் சரியாக இருந்தது. எதிரே இருபத்தெட்டாயிரத்து முந்நூற்று முப்பத்துமூன்று ரூபாய். முப்பத்துநான்கு மாதம், ஒவ்வொரு மாதமும் தவறாமல் அவள் பெயரில் எழுதியிருக்கிறார்கள். காமாலையில் அவள் ஊரில் படுத்துக் கிடந்த நாளிலும் அந்தத் தொகை அவள் பெயரில்தான் இருந்திருக்கிறது.

கை நின்றது. அடுத்த அறையில் கணக்கர் ஆடிட்டரோடு பேசிக்கொண்டிருந்தார்.  பிறகு இருபத்தெட்டாவது பெயரை அடித்தேன். மீதியையும் அடித்தேன். கூட்டுத்தொகை முதலில் முப்பது ரூபாய் இடித்தது. திரும்பச் சரிபார்த்து ஒரு இலக்கத்தைத் திருத்தியதும் இரண்டு பக்கமும் நேரானது.

நேரானபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. கணக்கு இடித்து, தேடி, நேரானால் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வரும். அது அன்றும் வந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறோ அதற்கடுத்ததோ, சார் பொறுப்புகள் பற்றி நடத்தினார். நிறுவனம் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியவை. அவள் எழுந்தாள்.

"சார், மூணு வருசம் முடிஞ்சா மொத்தமாத் தாரேன்னு ஒரு மில்லு சொல்லுதுன்னு வைங்க. முடியற வரைக்கும் அதை எங்கயும் எழுத மாட்டாகளா?"

"நல்ல கேள்வி. மாசா மாசம் எழுதணும்மா. வேலை செய்யச் செய்ய அது சேர்ந்துக்கிட்டே வருதில்ல?"

"அப்ப பாதியில நின்னா?"

சார் கொஞ்சம் யோசித்தார். "எழுதினதை எடுத்து வேற எங்கயாவது போட்டிருப்பாங்க. அது சரியா தப்பாங்கறது சட்டம் சொல்ல வேண்டியது. ஆனா கணக்கைப் பார்த்தாத் தெரிஞ்சிரும், தடம் இருக்கும்."

அவள் உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டாள். "பிள்ள, உங்க ஆபீசுக்கு மில்லுக் கணக்கெல்லாம் வருமா?"

"வராதுங்க அக்கா. பனியன் கம்பெனி கணக்கு மட்டும்தானுங்க."

யோசிக்காமல் வந்தது. அவ்வளவு சரளமாக நான் அதற்கு முன் எதையும் சொன்னதில்லை.

சார் தடம் இருக்கும் என்று சொன்னதுதான் அவளுக்குப் பிடி. அதே மில்லில் இடையில் நின்ற ஏழு பெண்களைத் தேடிப் பிடித்தாள். ஒருத்தி அவிநாசியில், இரண்டு பேர் இவள் கம்பெனி பக்கத்திலேயே, மற்றவர்கள் ஊரில். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித் தொழிலாளர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். மில்லுக்கு நோட்டீஸ் போனது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

"நீயும் வா பிள்ள. ஒண்ணும் பேச வேண்டாம். பி.காம். படிக்கிற புள்ள ஒண்ணு கூட இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. ஆபீசில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

தொழிலாளர் ஆபீஸ் தாழ்வாரத்தில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். ஏழு பேரில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது அதிகாரி முதலில் மில் வக்கீலைக் கேட்டார். அப்படி ஒரு ஸ்கீமே கிடையாது, இவர்கள் பயிற்சிக்கு வந்தவர்கள், தாங்களாகவே நின்றுகொண்டார்கள் என்றார் வக்கீல். அதிகாரி இவளைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர்.

"உங்ககிட்ட ஏதாவது தாள் இருக்காம்மா? ஆர்டர், ரசீது, எதுவானாலும்?"

"மில்லுல குடுத்த டோக்கன் இருக்கு, சார். ஆனா மில்லுல எழுதி வச்சிருப்பாக. அவுக கணக்கைக் கொண்டு வரச் சொல்லுங்க."

"கணக்குல அப்படி எதுவும் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்களே."

பதினைந்து நாள் தவணை கொடுத்தார். எல்லோரும் வெளியே வந்தோம். வக்கீலுக்குப் பின்னால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மில் கணக்கர் வந்தார். விசாரணையின்போது அவர் உள்ளே வராமல் வெளியே நின்றிருந்ததால் அதுவரை நான் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"ஏனுங்க கண்ணு, நீங்களா? ஆடிட்டர் அய்யா அனுப்பிச்சாருங்களா? அன்னிக்கு அந்த லிஸ்ட்டெல்லாம் நீங்கதானே அடிச்சீங்க, ஒரு தப்பு இல்லீங்களே!"

என் பக்கத்தில் நின்றவள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. மனுவில் அவள் பெயர் இருந்தது. முகத்தை அவர் எப்போதும் பார்த்ததில்லை. வக்கீல் கூப்பிட, போய்விட்டார்.

அவள் மற்ற மூன்று பெண்களையும் பஸ் ஏற்றிவிட்டாள். பிறகு எங்கள் பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தூசி இருந்தது. கையை மடியிலேயே வைத்திருந்தாள். நொய்யல் பாலம் தாண்டியதும் சாயக்கழிவு நாற்றம் உள்ளே வந்தது. அப்போதுதான் பேசினாள்.

"எம் பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"எவ்வளவு?"

சொன்னேன். அந்த முந்நூற்று முப்பத்துமூன்றையும் சேர்த்துச் சொன்னேன்.

"எந்தத் தலைப்புக்கு மாத்துன?"

"இதர வருமானம்."

அவள் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட, நான் இதை இவ்வளவு காலம் சுமந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அவள் கண்ணை மூடி, நீளமாக மூச்சு விட்டாள். தோள் இரண்டும் தளர்ந்தன. தொலைந்த குழந்தை இன்ன வீட்டில் இருக்கிறது என்று சேதி வந்தவள் முகம் போல இருந்தது.

"அப்ப இருந்திருக்கு," என்றாள். "எல்லாரும் எனக்குக் கிறுக்குன்னாக. நானும் அப்படித்தானோன்னு நெனச்சுட்டேன் பிள்ள."

எனக்கு அழுகை வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அந்தத் தாளு ஒரு நகல் எடுத்துத் தாரியா? பதினஞ்சு நாளு இருக்கு."

"தர்றேனுங்க அக்கா."

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஃபைலை எடுத்தேன். ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் திறந்து தாளைக் கவிழ்த்து வைத்தேன். மெஷின் சூடாகி, பச்சை விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்த வேண்டியதுதான் மிச்சம். இந்த ஆபீசை விட்டு அனுப்பினால் எந்த ஆடிட்டரும் என்னைச் சேர்க்க மாட்டார் என்று நினைத்தேன். தம்பிக்குப் பாலிடெக்னிக் பீஸ் கட்ட வேண்டியதை நினைத்தேன். கட்சிக்காரர் கணக்கை வெளியே கொடுப்பது தொழிலுக்குத் துரோகம் என்றும் நினைத்தேன், அது உண்மையும்கூட. மாடிப்படியில் யாரும் வரவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானாகவே தாளை எடுத்து ஃபைலில் வைத்து, நூலை முடிச்சுப் போட்டேன்.

அந்த இரண்டு ஞாயிறும் வகுப்புக்குப் போகவில்லை. அவளும் என் ஆபீசைத் தேடி வரவில்லை. எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

முடிவை எனக்குச் சொன்னது கணக்கர்தான். முறுக்குப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு, "அந்தப் புள்ளைங்க கேஸ் முடிஞ்சு போச்சுங்க கண்ணு. அவிங்ககிட்ட ஒரு தாள்கூட இல்லீங்களே, பாவம்," என்றார். பாவம் என்றதை மனசாரத்தான் சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு வகுப்புக்குப் போனபோது அவள் இடம் காலியாக இருந்தது. லைன் வீட்டில் கேட்டேன். கணக்கு முடித்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள், எங்கே என்று சொல்லவில்லை என்றார்கள். பரீட்சைக்கும் வரவில்லை. நான் பாஸ் செய்தேன்.

ஆபீசில் படிப்படியாக உயர்ந்தேன். சீனியர் அண்ணன் தனியாகத் தொழில் தொடங்கிப் போனதும் அவர் நாற்காலி எனக்கு வந்தது. வருஷா வருஷம் ஏதாவது ஒரு கம்பெனியின் கணக்கில் இதர வருமானம் என்று வரும். பழைய சாக்கு விற்றது, வங்கி வட்டி, எதுவாகவும் இருக்கலாம். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து பார்ப்பது போலத் தோன்றும். உள்ளே என்ன இருக்கிறது என்று கடைசி ரூபாய் வரை பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன். ரொம்பக் கவனமான பொண்ணு என்று ஆடிட்டர் என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்வார்.

ஆறேழு வருஷம் கழித்து, அமராவதி அணைக்குப் போகும் ரோட்டில் எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்த ஒரு மில்லுக்குத் தணிக்கைக்குப் போனேன். மேனேஜர் என்னை உட்காரவைத்து, அக்கவுண்ட்ஸ் பகுதியிலிருந்து பேரேடுகளைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தவள் அவள்.

கொஞ்சம் பருத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். "வாங்க மேடம்," என்று சொல்லிப் பேரேடுகளை என் முன்னால் அடுக்கினாள். பட்டத்தை வேறு மையத்தில் எழுதி முடித்திருக்கிறாள் என்பது மேனேஜர் பேச்சில் தெரிந்தது. திறமையான ஆள், ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம் என்றார்.

"இங்க பாருங்க மேடம். ஸ்கீம்ல இருந்து நின்னு போன புள்ளைங்க. அஞ்சு வருசமா இவிங்க பேர்லாம் கொடுக்க வேண்டியதுலயே நிக்குது. பேங்க்ல லோன் கேட்டிருக்கோம், லாபம் காட்டோணும். எடுத்து எழுதுங்கம்மான்னா இந்தம்மா மாட்டேங்குது. ஆடிட்டர் சொல்லட்டும்ங்குது. நீங்களே சொல்லுங்க."

நாற்பது பெயருக்கு மேல் இருந்தது. எல்லாம் அவள் கையெழுத்தில், ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் மறுபடி மறுபடி எடுத்து எழுதப்பட்டு. அப்பா பெயர், ஊர், சிலவற்றுக்கு எதிரே பக்கத்து வீட்டுப் போன் நம்பர்கூட. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் பேரேட்டின் அந்தப் பக்கம் நின்றாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"இருக்கட்டுங்க," என்றேன். "இது கொடுக்க வேண்டியதுதான். செஞ்ச நாளுக்கு உள்ளதைக் கூப்பிட்டுக் கொடுங்க. எடுத்து எழுதினா என் ரிப்போர்ட்ல நான் அதைச் சொல்லியே ஆகணும்."

மேனேஜர் முகம் சுருங்கிப்போனது. டீ வரவில்லை. அடுத்த வருஷம் அந்த மில்லின் கணக்கு எங்கள் ஆபீசுக்கு வரவில்லை. வேறு ஆடிட்டரிடம் போய்விட்டார்கள். எங்கள் ஆடிட்டர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண்களில் ஒன்பது பேருக்குப் பணம் போனதாக ரொம்ப நாள் கழித்து வேறு ஒருவர் மூலம் கேள்விப்பட்டேன். மற்றவர்கள் பெயர் என்ன ஆனது என்று தெரியாது. அவளும் அங்கே வேலையில் இல்லையாம்.

அன்று கிளம்பும் முன் அக்கவுண்ட்ஸ் அறைக்குப் போனேன். அவள் மட்டும் இருந்தாள். பேரேடுகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றேன்.

திரும்பினாள். கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மறுபடி தோன்றியது.

"நல்ல காரியம் செஞ்சீக மேடம். அந்தப் புள்ளைகளுக்கு ஏதாவது கெடைக்கும்."

"அக்கா, அன்னிக்கு நான்..."

"இந்தப் பேரேட்டுல எம் பேரு இல்ல," என்றாள். சொல்லிவிட்டு அலமாரியைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினாள். வெளியே வேன் ஹாரன் அடித்தது. "வண்டி நிக்குது மேடம். கெளம்புங்க."